ஜெனரல் அந்தோனியோ லூனாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் முறை

பிலிப்பைன்ஸ் புரட்சித் தளபதி லூனாவைப் பற்றி எழுதும்போது, 1899 ஜூன் 5 அன்று கபனாத்துவானில் நிகழ்ந்த கொலையிலிருந்து தொடங்காமல், 1866இல் மணிலாவின் பினோந்தோவில் பிறந்து, ஸ்பெயினில் மருந்தியல் பயின்று, மலேரியாவை ஆராய்ந்த அறிஞராக அவரை முதலில் அறிமுகப்படுத்துங்கள். ஸ்பெயினுக்கு எதிரான 1896 புரட்சியில் அவர் சேரவில்லை என்பதையும், ஆயினும் கைதாகி மாட்ரிட் சிறையில் அடைக்கப்பட்டதையும் மறைக்க வேண்டாம். பின்னாளில் அவர் காட்டிய வேகத்துக்கு புரட்சியில் சேராத உறுத்தலே காரணம் என்று கருதுகிறேன். 1898இல் நாடு திரும்பி ‘லா இண்டிபென்டென்சியா’ இதழைத் தொடங்கியதை ஒரு வரியில் கூறிவிட்டு, அமெரிக்கப் படைக்கு எதிரான போருக்கு நகருங்கள். கட்டளைக்குப் பணியாததற்காக அவர் முன்பு ஆயுதங்களைப் பறித்த, பிலிப்பைன்ஸ் படையின் காவித் ஊர் வீரர்களே அவரைக் கொன்றனர் என்பதை உறுதியாகவும், அதில் அன்றைய பிலிப்பைன்ஸ் அதிபர் அகினால்டோவின் பங்கைத் தீராத வினாவாகவும் பிரித்து எழுதுங்கள்.