அழியாத் திருத்தம் எதுவரை கைகொடுக்கும்?

கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்த நேரத்தில் வீடியோ விளக்கின் வெளிச்சம் மணப்பெண்ணின் செக்கச்சிவந்த கூறைப்புடவைமீது நேராக விழ, படம் ஜேபெக் கோப்பாகப் பதிவாகியிருக்கிறது. மூலப் படத்தைத் தொடாமல் திருத்தும் ‘அழியாத் திருத்த’ முறையில், போட்டோஷாப்பில் ஒளியையும் நிறத்தையும் வளைகோட்டால் மாற்றும் கர்வ்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டுச் சிவப்பை எவ்வளவு தணித்தாலும் புடவையின் நெசவு திரும்பி வருவதில்லை. அடர்சிவப்புத் திட்டு மங்கிய சிவப்புத் திட்டாக மாறுகிறது, அவ்வளவுதான். சிவப்புச் சேனல் (படத்தின் சிவப்பு நிற அளவு) 255 என்ற உச்சத்தில் முட்டி நின்றுவிட்டதால், அழியாமல் காக்கப்பட்ட அந்த மூலத்திலேயே நெசவு இல்லை.

அட்ஜஸ்ட்மென்ட் லேயர் 1996இல் வெளிவந்த போட்டோஷாப் 4.0 முதலே உண்டு. கீழேயுள்ள பிக்சல்களைத் தொடாமல் கணக்கை மட்டும் மேலே வைத்திருப்பது அதன் வேலை. அதை நம்பி எதையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று நினைப்பவர்கள்தான் பெரும்பாலும் சிக்கிக்கொள்கிறார்கள்.

எனவே திருத்தத்தைக் கேமராவிலேயே தொடங்க வேண்டும். பட்டுப்புடவை, மஞ்சள் பூசிய முகம், சாமந்தி மாலை ஆகியவற்றை எடுக்கும்போது ஒளியளவு ஹிஸ்டோகிராமை (இருளிலிருந்து வெளிச்சம்வரை பிக்சல்கள் பரவியிருப்பதைக் காட்டும் வரைபடத்தை) மட்டும் பார்க்காமல், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். மொத்த ஒளி சரியாகத் தெரியும்போதே சிவப்பு மட்டும் வலது சுவரில் மோதியிருக்கக்கூடும். இயன்றவரை ரா கோப்பாக, அதாவது கேமராவின் சென்சார் பதிவுசெய்த தரவை வைத்திருக்கும் கோப்பாக, எடுங்கள். ஜேபெக்கில் ஒரு சேனலுக்கு 256 படிகள் என்றால், 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். வெள்ளைச் சமநிலையும் (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிசெய்வது) அதில் பிக்சலோடு கலந்துவிடுவதில்லை. ஆனால் ராவுக்கும் எல்லை உண்டு. குறுவை நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலில் சூரியன் பளீரிடும் இடத்தில் ஒரு சேனல் மட்டும் உச்சத்தில் முட்டி வெட்டுப்பட்டிருந்தால், மற்ற இரண்டைக் கொண்டு மென்பொருள் ஒருவாறு ஊகித்து நிரப்பும். மூன்றுமே வெட்டுப்பட்டிருந்தால் வெறும் சாம்பல் பூச்சுதான் மிஞ்சும்.

படத்தைத் திறந்தவுடன், லேயர் எதையும் சேர்க்கும் முன்பே, 16 பிட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஜேபெக்கிலிருந்து வந்த படத்துக்கு இது புதிய விவரம் எதையும் தராது. எனினும் 8 பிட்டில் ஒவ்வொரு லேயரின் கணக்கும் முழு எண்ணாக வெட்டப்படுவதால் மாலை வானத்தில் தோன்றும் பட்டைகளை இது பெருமளவு குறைக்கும். முதல் லேயர் வெள்ளையாக்கிவிட்ட பகுதியை மூன்றாம் லேயர் மீட்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். மேலே இன்னொன்றை அடுக்காமல், முதல் லேயரையே திறந்து தளர்த்துவதுதான் வழி.

உண்மையான சிக்கல் ரீடச் வேலையில், அதாவது வேண்டாததை மறைத்து ஒட்டுப்போடுவதில், இருக்கிறது. அதற்கான குளோன் ஸ்டாம்ப் கருவி ஒரு கணக்கன்று. அது பிக்சலை நகலெடுக்கிறது. வெற்று லேயரில் வேலை செய்தாலும், மேலுள்ள நிறத் திருத்தங்களோடு சேர்த்து நகலெடுத்தால் அந்த நிறம் ஒட்டில் உறைந்துவிடும். பின்னர் திருத்தத்தை மாற்றும்போது ஒட்டுப்போட்ட இடம் மட்டும் பல்லைக் காட்டும். ஆகவே ரீடச் லேயரை அட்ஜஸ்ட்மென்ட் லேயர்களுக்குக் கீழே வைத்து, மாதிரி எடுக்கும் தேர்வில் ‘கரன்ட் அண்ட் பிலோ’ என்பதைத் தெரிவுசெய்து, அருகிலுள்ள பொத்தானால் அட்ஜஸ்ட்மென்ட் லேயர்களைப் புறக்கணிக்கச் சொல்லுங்கள்.

கோணத் திருத்தம் இதைவிடக் கண்டிப்பானது. தஞ்சைப் பெரிய கோயிலின் சுமார் 216 அடி உயர விமானத்தைக் கீழிருந்து எடுத்தால் அது பின்னோக்கிச் சாய்ந்தே தெரியும். அப்படியொரு ரா படத்தை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக, அதாவது மூலக் கோப்பைத் தன்னுள் வைத்திருக்கும் லேயராக, திறந்து, திருச்சுற்றில் நின்றவர்களை நீக்குவதில் ஒரு மாலைப்பொழுது முழுவதையும் கழித்த பிறகே அந்தச் சாய்வு என் கண்ணில் பட்டது. ஸ்மார்ட் ஆப்ஜெக்டின் உள்ளே சென்று நிமிர்த்தினேன். விமானம் நிமிர்ந்தது, மேலிருந்த ஒட்டுகளும், திருத்தம் படியும் இடத்தை வரையறுக்கும் மாஸ்க்குகளும் பழைய இடத்திலேயே நின்றன. எனவே லென்ஸ் திருத்தம், நிமிர்த்தல், வெள்ளைச் சமநிலை ஆகியவற்றை ரா நிலையிலேயே முடிவுசெய்துவிட்டுத்தான் தூரிகையை எடுக்க வேண்டும். ஓரங்களை வெட்டி கிராப் செய்யும்போது, வெட்டிய பகுதி அழிந்துவிடாதிருக்க ‘டிலீட் கிராப்டு பிக்சல்ஸ்’ தேர்வை நீக்கிவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே லேயராக முத்திரையிட்டு அதன்மேல் தொடர்வதாக இருந்தால், அதற்குக் கீழுள்ள திருத்தங்களை மாற்றினாலும் மேலே ஒன்றும் அசையாது என்பதை அறிந்தே செய்யுங்கள்.

லைட்ரூம் கிளாசிக் மென்பொருளில் மூலம் பத்திரமாக இருக்கும். ஆனால் திருத்தக் குறிப்புகள் கேட்டலாக் கோப்பில் இருப்பதால், படங்களை மட்டும் வேறு கணினிக்கு நகலெடுத்தால் குறிப்புகள் கூட வருவதில்லை. அக்குறிப்புகளை எக்ஸ்எம்பி என்னும் துணைக் கோப்பாக எழுதி உடன் அனுப்பினாலும் டார்க்டேபிள் போன்ற வேறு மென்பொருள் அதே தோற்றத்தை அப்படியே காட்டாது. ஆல்பம் அச்சுக்குப் போகும் நாளில், லேயர்களோடு கூடிய கோப்பையும் ரா கோப்பையும் வைத்துக்கொண்டு, அவற்றோடு எல்லா லேயர்களையும் ஒன்றாக்கிய 16 பிட் டிஃப் (TIFF) பிரதி ஒன்றையும் தனியே சேமியுங்கள்.