ஷேர் ஆஃப் ஃப்ரீஹோல்ட் வீட்டில் தீத்தடுப்புக் கதவுக்கு யார் பணம் தருவது?

இங்கிலாந்தில் பழைய மூன்று மாடி வீடு ஒன்றை நான்கு ஃப்ளாட்டுகளாகப் பிரித்து, நான்கு உரிமையாளர்களும் ஃப்ரீஹோல்டை, அதாவது கட்டடத்தின் காலவரம்பற்ற முழு உரிமையை, சேர்ந்து வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். தீ அபாய மதிப்பீட்டு அறிக்கை வந்து, ஃப்ளாட்டுகளின் வாசற்கதவுகளை மாற்றச் சொன்னதும் சச்சரவு தொடங்கும். ஃப்ரீஹோல்ட் பொதுவென்றால் செலவும் பொதுதானே என்பார் ஒருவர். அவரவர் கதவு அவரவர் பாடு என்பார் இன்னொருவர். இருவரும் லீஸை, அதாவது தங்கள் ஃப்ளாட்டின் நீண்டகாலக் குத்தகைப் பத்திரத்தை, பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஃப்ரீஹோல்டில் பங்கு இருப்பதால் லீஸ் மறைந்துவிடுவதில்லை. அதன் காலத்தை 999 ஆண்டுகளாக நீட்டியிருந்தாலும், யார் எதைப் பழுதுபார்ப்பது, யார் எவ்வளவு தருவது என்பதை அந்தப் பத்திரம்தான் தீர்மானிக்கிறது.

முதலில், லீஸில் உங்கள் ஃப்ளாட் எது என்று வரையறுக்கும் பகுதியை எடுங்கள். வாசற்கதவும் அதன் சட்டகமும் ஃப்ளாட்டைச் சேர்ந்தவை என்று அங்கே இருக்கலாம். கதவின் உட்புறம் மட்டும் உங்களுடையது என்றும் இருக்கலாம். அடுத்து, பழுதுபார்க்கும் பொறுப்பு எந்தத் தரப்புக்கு என்று பாருங்கள். மூன்றாவதாக, சர்வீஸ் சார்ஜ் (பொதுச் செலவுக்கு ஒவ்வொரு ஃப்ளாட்டும் தரும் பங்கு) பற்றிய பிரிவு அந்தச் செலவை வசூலிக்க இடம் தருகிறதா, எந்த விகிதத்தில் என்று பாருங்கள். தெருவிலிருந்தே தனி வாசல் உள்ள கீழ்த்தளத்துக்காரர், எல்லோரும் புழங்கும் நடையின் கதவை ஒருநாளும் தொடாதவராக இருந்தாலும், லீஸ் அவருக்குக் கால் பங்கு என்று சொன்னால் கால் பங்கு தந்தே ஆக வேண்டும்.

பெரும்பாலும் சிக்குவது ‘பழுது’ என்ற சொல்லில்தான். கதவு பழுதானதென்றால் முன்பிருந்த நிலையிலிருந்து அது கெட்டிருக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள பழைய பலகைக் கதவு இன்றைய தரத்துக்குக் குறைவு என்பதற்காக மட்டும் அதை மாற்றுவது பழுதுபார்ப்பு ஆகாது, மேம்பாடு. அதற்குப் பணம் கேட்க வேண்டுமானால், சட்டம் கோரும் வேலைகளைச் செய்வது பற்றிய வாசகம் லீஸில் இருக்கிறதா என்று தேடுங்கள். பல லீஸ்களில் அது உண்டு, ஆனால் அந்தக் கடமை ஃப்ளாட்காரர் மேலா, ஃப்ரீஹோல்டர் மேலா என்பது பத்திரத்துக்குப் பத்திரம் மாறும்.

தீப் பாதுகாப்புச் சட்டம் இன்னொரு தடத்தில் ஓடுகிறது. 2005-ஆம் ஆண்டின் தீப் பாதுகாப்பு ஆணை, பொதுப் பகுதிகளுக்குப் ‘பொறுப்பாளர்’ ஒருவரைக் கேட்கிறது. உங்கள் வீட்டில் அது ஃப்ரீஹோல்ட் கம்பெனி, அல்லது ஃப்ரீஹோல்டைப் பெயரில் வைத்திருக்கும் நீங்களே. பொதுப் பகுதிக்குத் திறக்கும் ஃப்ளாட் வாசற்கதவுகளும் அந்த ஆணைக்கு உட்பட்டவை என்பதை 2021-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாக்கியது. 2023 ஜனவரி 23 முதல், 11 மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டடங்களில் பொதுக் கதவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், ஃப்ளாட் வாசற்கதவுகளை இயன்றவரை முயன்று ஆண்டுக்கு ஒருமுறையும் சோதிக்க வேண்டும். சோதிக்கும் கடமை ஃப்ரீஹோல்டருக்கு என்பதாலேயே கதவின் விலையும் அவர் தலையில் விழாது. அதற்கு மீண்டும் லீஸுக்குத்தான் போக வேண்டும்.

மாற்றுமுன் கதவை நீங்களே ஒருமுறை பாருங்கள். ஒரு சாண் திறந்து கையை விட்டால் அது தானாக மூடி, தாழ் விழ வேண்டும். கதவுக்கும் சட்டகத்துக்கும் இடையே இடைவெளி சுமார் 3 மில்லிமீட்டர். ஒரு பவுண்டு நாணயத்தின் கனம் 2.8 மில்லிமீட்டர் என்பதால் அதுவே கைக்கெட்டிய அளவுகோல். விளிம்பில் வெப்பத்தில் உப்பும் பட்டையும் புகைத்தடுப்பு மயிர்வரிசையும் இருக்கின்றனவா, அவற்றின் மேல் பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். கதவைத் தானாக மூடும் கருவியைச் சரிசெய்தால் போதும் என்ற இடத்தில் முழுக் கதவுக்கு விலைப்புள்ளி வாங்குவது வீண். ஆனால் அந்த முடிவைத் தகுதியுள்ள ஆய்வாளர் எழுத்தில் தர வேண்டும்.

செலவு சர்வீஸ் சார்ஜில் சேருமானால், வாட் வரி உட்பட எந்த ஒரு ஃப்ளாட்டுக்கும் 250 பவுண்டுக்கு மேல் வரும் வேலைக்கு 1985-ஆம் ஆண்டின் லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டத்தின் 20-ஆவது பிரிவுப்படி ஃப்ளாட்காரர்களிடம் கலந்தாலோசனை நடத்த வேண்டும். நான்கு சமபங்கென்றால் மொத்தம் 1,000 பவுண்டைத் தாண்டினாலே போதும். முதல் அறிவிப்புக்கு 30 நாள், விலைப்புள்ளிகளைக் காட்டிய பின் இன்னொரு 30 நாள் விட வேண்டும். நமக்குள்தானே என்று இதைத் தவிர்த்தால், தீர்ப்பாயம் விலக்கு அளிக்காதவரை, மறுப்பவரிடம் 250 பவுண்டுக்கு மேல் வாங்க முடியாது.

லீஸ் மௌனமாக இருந்தாலோ நான்கு லீஸ்களும் ஒன்றுக்கொன்று முரண்பட்டாலோ, லீஸைத் திருத்தும் பத்திரம் ஒன்றை வழக்கறிஞர் மூலம் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, அடமானக் கடன் இருந்தால் வங்கியின் ஒப்புதலும் பெற்று, நிலப் பதிவகத்தில் பதியுங்கள். வெறும் கூட்டக் குறிப்பில் எழுதிய ஏற்பாடு, நாளை மேல்மாடியை வாங்கி வருபவரைக் கட்டாது.