தண்ணீர் பாட்டிலில் தொடங்கி தீர்மான நோட்டு வரை: பிள்ளையின் பள்ளியில் பெற்றோர் செய்யக்கூடியவை

2022 ஜூலை. என் மகள் எங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. காலையில் நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தது. ஒரு நாள் இல்லை, மூன்று வாரம். "ஏன்டி தண்ணி குடிக்கல?" என்று கேட்டால் "தாகமே எடுக்கலம்மா" என்பாள். கடைசியில் என் மாமியாரிடம்தான் உண்மையைச் சொன்னாள். பெண் பிள்ளைகள் கழிப்பறையில் குழாய் உடைந்து கிடக்கிறது, வெளித் தொட்டியிலிருந்து வாளியில் மொண்டுகொண்டு போக வேண்டும், போகிற வழியில் பையன்கள் சிரிக்கிறார்கள். அதனால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள்.

அந்த ஒரு குழாயை மாற்ற எனக்கு ஏழு மாதம் ஆனது. இரண்டு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. எங்கே தடுக்கியது என்று பின்னால் புரிந்தது. நீங்களும் அங்கேயே தடுக்கி விழ வேண்டாம் என்றுதான் இந்தப் பதிவு. அரசுப் பள்ளிப் பெற்றோரை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்றவர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் உண்டு.

படி 1: பையைப் பாருங்கள்

"இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்ற கேள்விக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பதில்தான்: "ஒண்ணுமில்ல." பை பொய் சொல்லாது. குடிக்காத தண்ணீர், நோட்டின் கடைசிப் பக்கக் கிறுக்கல், அடிக்கடி தொலையும் பென்சில், ஒரே பாடத்தில் மட்டும் பாதியில் நிற்கும் எழுத்து. வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் போதும். கேள்வி கேட்டே ஆக வேண்டும் என்றால் "இன்னைக்கு யார் பக்கத்துல உக்காந்த?" என்று கேளுங்கள். அதிலிருந்து மற்றதெல்லாம் தானாக வரும்.

படி 2: டீச்சரிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்

காலை ஒன்பது மணிக்கு வாசலில் நிறுத்திக் கேட்காதீர்கள். அந்த நேரத்தில் அவருக்கு வருகைப் பதிவு ஒரு பக்கம், அழுகிற ஒன்றாம் வகுப்பு ஒரு பக்கம். பள்ளி விட்ட பிறகு, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள்.

"எப்படிப் படிக்கிறா?" என்று கேட்டால் "நல்லாப் படிக்கிறா, கொஞ்சம் வீட்லயும் பாத்துக்கங்க" என்று பதில் வரும். நான் இரண்டு வருடம் இதைக் கேட்டுக்கொண்டு சந்தோஷமாக வீடு திரும்பியிருக்கிறேன்.

2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பார்த்தார்கள். பெற்றோருக்கு இது பெரிய வசதி. "தமிழ்ல எந்த நிலை? கணக்குல எந்த நிலை? அடுத்த நிலைக்குப் போக எது தடுக்குது?" இந்த மூன்றையும் கேட்டபோதுதான் தெரிந்தது, என் மகள் தமிழில் மலர், கணக்கில் மொட்டு. தடுத்தது கடன் வாங்கிக் கழித்தல். டீச்சர் ஒரு தாளில் 52இலிருந்து 27ஐக் கழித்துக் காட்டினார். இவள் 35 என்று போட்டிருந்தாள். இரண்டில் ஏழு போகாது என்பதால் ஏழில் இரண்டைக் கழித்திருக்கிறாள்! அன்று ராத்திரி தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினோம். ஒரு கட்டை அவிழ்த்தால் பத்துக் குச்சி கிடைக்கும், அதுதான் கடன். நான்கு நாளில் பிடித்துக்கொண்டாள். டியூஷனுக்கு அனுப்பியிருந்தால் மாதம் முந்நூறு ரூபாய் போயிருக்கும், தப்பு எங்கே என்று தெரிந்திருக்காது என்பது என் எண்ணம்.

படி 3: உங்கள் செல்போன் எண் சரியா என்று பாருங்கள்

சின்ன விஷயம், ஆனால் இங்கேயே நிறைய பேர் நின்றுவிடுகிறார்கள். எமிஸ் என்பது ஒவ்வொரு மாணவர் விவரத்தையும் அரசு கணினியில் வைத்திருக்கும் பதிவு. அதில் இருக்கும் எண்ணுக்குத்தான் தகவல் வரும். பள்ளிக் கல்வித் துறையின் பெற்றோர் செயலிக்குள் நுழையவும் அந்த எண்தான். எங்கள் பதிவில் இருந்தது என் கணவர் எப்போதோ தூக்கிப் போட்ட சிம். வகுப்பாசிரியரிடம் சொன்னால் மாற்றித் தருவார்கள். அம்மாவின் எண்ணைக் கொடுங்கள். அப்பாவின் எண்ணுக்கு வரும் தகவல் அவர் சட்டைப் பையிலேயே தங்கிவிடும்.

படி 4: பள்ளி மேலாண்மைக் குழுவில் சேருங்கள்

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21. அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் இந்தக் குழு இருந்தே ஆக வேண்டும், உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022இல் 20 பேர் கொண்ட குழுவாகத் திருத்தி அமைத்தார்கள். 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கினார்கள். தலைவர் ஒரு பெண் பெற்றோர். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் குழுவின் வேலை. பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, இது வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள், நான் குழப்பிக்கொண்டேன்.

படிப்பு வேண்டுமா, இங்கிலீஷ் தெரிய வேண்டுமா என்றெல்லாம் யோசிக்க வேண்டாம். எங்கள் குழுவில் நன்றாகப் பேசுகிறவர் நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு அக்கா.

படி 5: பேசினால் போதாது, நோட்டில் ஏற வேண்டும்

நான் விழுந்த பள்ளம் இதுதான்.

ஆகஸ்ட் கூட்டத்தில் எழுந்து குழாய் விஷயத்தைச் சொன்னேன். குரல் நடுங்கியது. எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். தலைமையாசிரியர் "பாத்துக்கலாம்மா" என்றார். டீ வந்தது. நோட்டு சுற்றி வந்தது, கையெழுத்துப் போட்டேன். செப்டம்பரில் மறுபடி சொன்னேன், மறுபடி தலையாட்டல், டீ, கையெழுத்து. அக்டோபரிலும் அப்படியே. நவம்பரில் நோட்டு என் கைக்கு வந்தபோது எதற்கோ பழைய பக்கங்களைத் திருப்பினேன். மூன்று மாதமும் என் கையெழுத்துக்கு மேலே இருந்தது ஒரே வரி: "பள்ளி வளர்ச்சி குறித்து விவாதிக்கப்பட்டது." குழாய் என்ற சொல்லே இல்லை.

தலைமையாசிரியர் மேல் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். பிறகு தனியாகப் போய்ப் பேசினேன். இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளி. பாடம் நடத்துவது, எமிஸ் பதிவேற்றம், சத்துணவுக் கணக்கு எல்லாம் அந்த அம்மா தலையில். குழாய் உடைந்திருக்கிறது என்று எழுதினால் "உடையும் வரை நீ என்ன பண்ணினாய்?" என்று மேலே கேட்பார்களோ என்று பயந்திருக்கிறார். "இது குறை இல்ல டீச்சர், கோரிக்கை" என்றேன். மானியத்திலிருந்து பணம் எடுக்கவும் தீர்மானம்தான் ஆதாரம் என்பதும் அப்போது பேச்சில் வந்தது. தணிக்கையில் யாராவது கேட்டால் "குழு தீர்மானம் போட்டது" என்று காட்டலாம். தீர்மானம் எனக்கு ஆயுதம் என்று நினைத்திருந்தேன். அவருக்குத்தான் அது குடை.

எனவே, கூட்டத்தில் பிரச்சினையை மட்டும் சொல்லாதீர்கள். தீர்மான வாக்கியத்தை வீட்டிலேயே எழுதி எடுத்துப் போய் வாசியுங்கள். நாங்கள் எழுதியது இது:

"பெண் குழந்தைகள் கழிப்பறையில் உடைந்த குழாய் ஒன்றையும் இணைப்புப் பைப்பையும் பள்ளி மானியத்திலிருந்து மாற்றுவது எனவும், பொறுப்பு தலைமையாசிரியர் மற்றும் குழுத் தலைவர் எனவும், அடுத்த கூட்டத்துக்குள் முடித்துத் தெரிவிப்பது எனவும் தீர்மானிக்கப்பட்டது."

எது, எந்தப் பணத்தில், யார், எப்போதுக்குள். நான்கும் இருக்க வேண்டும். எழுதியதை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுப் பக்கத்தில் "அப்புறம் எழுதிக்கிறோம்" என்று நீட்டினால் கண்டிப்பாகப் போடாதீர்கள். தீர்மானம் படி 3இல் சொன்ன பெற்றோர் செயலியிலும் ஏறுகிறதா என்று கேளுங்கள்.

பணம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். சமக்ர சிக்ஷா என்ற ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கு. எங்கள் பள்ளியில் அப்போது 68 பிள்ளைகள், அதாவது 25,000. குழாய்க்கு அதில் இடம் இருந்தது. ஆனால் பணம் ஒவ்வொரு வருடமும் சொன்ன நேரத்துக்கு வந்துவிடும் என்று நம்பி உட்காராதீர்கள். 2024-25இல் ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கான அந்த நிதியையே நிறுத்தி வைத்தது.

தீர்மானம் டிசம்பரில் ஏறியது. அரையாண்டு விடுமுறை, பொங்கல் எல்லாம் போய் பிப்ரவரியில் குழாய் வந்தது.

படி 6: நகராவிட்டால்

இரண்டு கூட்டம் தாண்டியும் நடக்கவில்லை என்றால், தீர்மான எண்ணைக் குறிப்பிட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு கடிதம். இரண்டு பிரதி. ஒன்றில் "பெறப்பட்டது" என்று தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், சுற்றுச்சுவர், தெருவிளக்கு என்று ஊராட்சி செய்ய வேண்டியதாக இருந்தால் கிராம சபைக்கு எடுத்துப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள். 14417 என்ற கல்வி உதவி எண்ணும் உண்டு. எடுத்தவுடன் அங்கே போகாதீர்கள். தலைமையாசிரியரிடம் பேசாமல் மேலே போனால் குழாய் வரும், அதன் பிறகு பள்ளிக்குள் உங்களோடு யாரும் பேச மாட்டார்கள்.

எதில் எழுதி வைப்பது? பத்து ரூபாய் நோட்டில். வாட்ஸ்அப் குழு ஆரம்பிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். எங்கள் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கும் அறுபது சதவீதத் தள்ளுபடிப் புடவைகளுக்கும் அடியில் கூட்டத் தேதி புதைந்துபோய், இரண்டு பேர் மட்டும் வந்த கதை உண்டு. அறிவிப்புக்கு அது சரி, ஆதாரத்துக்கு நோட்டுதான்.

கருத்துகளைப் பார்த்துச் சேர்த்தவை

"பிள்ளையைப் பழிவாங்கிவிடுவார்களே" என்று நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. தனியாகப் பேசினால் "அந்தப் பொண்ணோட அம்மா" ஆகிவிடுவீர்கள். மூன்று பேராகப் போங்கள், எல்லாப் பிள்ளைகளுக்குமான விஷயத்தை முதலில் எடுங்கள், உங்கள் பிள்ளை பெயரைக் கூட்டத்தில் சொல்லவே சொல்லாதீர்கள். நான் சொல்லாததால்தான் என் மகளுக்கு அந்தக் குழாய்க்குப் பின்னால் அம்மா இருந்தது இன்றுவரை தெரியாது.

கூலி போகிறதே என்று ஒருவர். நியாயம். கூட்டத்தைப் பள்ளி நேரம் முடிந்து வைக்கச் சொல்லி அதற்கே ஒரு தீர்மானம் போடலாம். நாங்கள் போட்டோம்.

அப்பா அம்மா திருப்பூரில், பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது, பாட்டி உறுப்பினர் ஆகலாமா? சட்டத்தில் "பெற்றோர் அல்லது பாதுகாவலர்" என்றே இருக்கிறது. தாராளமாக.

உதவிபெறும் பள்ளியில் குழு உண்டு, ஆனால் 2012 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டும்தான். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. படி 1, 2 உங்களுக்கும் உதவும், மற்றதற்குக் கடிதமும் இரண்டு பிரதியும்.

கடைசியாகச் சேர்த்தது: முதலில் போட்டது பிளாஸ்டிக் குழாய், ஒன்றரை வருடத்தில் திருகு கழன்றது. சின்னவன் இன்னும் அங்கேதான் படிக்கிறான், அதனால் 2024 குழுவிலும் இருக்கிறேன். இந்த முறை தீர்மானத்தில் "பித்தளைக் குழாய்" என்று எழுதினோம். பித்தளை என்றால் கோடை விடுமுறையில் திருட்டுப் போகும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எங்களுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. கடைசி வேலை நாளன்று குழாயைக் கழற்றி, பைப்பின் வாயில் மூடி திருகிவிட்டு, தலைமையாசிரியர் அறை பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். யார் கழற்றுவது, யார் மாட்டுவது என்பதும் நோட்டில் இருக்கிறது.