மாசிக் காலையில் கொல்லைப்புறப் பறவைகள்: பார்க்கத் தொடங்குவது எப்படி?

பறவை பார்க்க எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டால் மாசி மாதத்தைத்தான் சொல்வேன். வடக்கிலிருந்து வந்த பழுப்புக் கீச்சானும் ஆறுமணிக்குருவியும் இன்னும் ஊர் திரும்பியிருக்காது. உள்ளூர்ப் பறவைகள் ஜோடி தேடிக் குரல் கொடுக்கத் தொடங்கியிருக்கும். பல மரங்கள் இலை உதிர்த்து நிற்பதால் ஒளிந்துகொள்ளவும் இடம் குறைவு. தமிழ்நாட்டுச் சமவெளியில் இருப்பவர்களுக்குக் கொல்லைப்புறமோ மொட்டைமாடியோ போதும்.

1. ஒரு மரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

அலைய வேண்டாம். பக்கத்தில் கல்யாண முருங்கை இருந்தால் அதிர்ஷ்டம்தான். இலையில்லாமல் செக்கச்செவேலென்று பூத்து நிற்கும் நேரம் இது. தேன்சிட்டு மட்டுமா, மைனா, கரிச்சான், காக்கை வரை அதில் தேன் குடிக்க வரும். அது இல்லையென்றால் பூத்த முருங்கை, அதுவும் இல்லையென்றால் வேம்பு. காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள், வெயிலுக்கு முதுகு காட்டி உட்காருங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான்.

2. முதலில் வெறுங்கண்

சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா? அப்புறம் அலகு, வால், என்ன செய்கிறது என்பது. நிறத்தைக் கடைசியில் பாருங்கள், அது ஏமாற்றும். ஆண் ஊதாத் தேன்சிட்டு இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் மினுமினுக்கும் கருநீலத்தை இழந்துவிடும். பெண்ணைப் போல மங்கி, தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கறுப்புக் கோட்டோடு திரியும். திரும்ப நிறம் ஏறும்போது மஞ்சள் வயிற்றில் மை கொட்டியதுபோல் திட்டுத்திட்டாக இருக்கும். புத்தகப் படம் எதனோடும் ஒத்துப்போகாது. ஆனால் அந்த வளைந்த அலகையும், பூவைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்குவதையும் கவனித்தவருக்குக் குழப்பம் வராது.

3. பைனாகுலர்

வாங்குவதானால் 8×42. எட்டு என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். அதிக உருப்பெருக்கத்துக்கு ஆசைப்பட்டால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகத் தெரியும். வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது கண்பக்கம் உள்ள வளையத்தைத் திருப்புங்கள். அந்த வளையத்தை இனித் தொட வேண்டாம். பறவையிடமிருந்து கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

4. காதைத் தீட்டுங்கள்

ஒரே சீராக 'டுக்... டுக்... டுக்' என்று கேட்டால் செம்மார்புக் குக்குறுவான். கத்தும்போதே தலையைத் திருப்பிக்கொண்டிருப்பதால் சத்தம் திசை மாறுவதுபோல் இருக்கும். மொட்டைக் கிளை நுனியில் தேடுங்கள். தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒரே இடத்தைப் பார்த்துக் கூச்சலிட்டால் அங்கே பாம்போ பூனையோ பகலில் உறங்கும் ஆந்தையோ இருக்கும்.

5. எழுதுங்கள்

தேதி, நேரம், பறவை, எண்ணிக்கை. பறவைப் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்ட் செயலியில் ஏற்றினால் அது தரவாகிவிடும். ஆண்டுதோறும் பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுண்ட் என்ற பறவைக் கணக்கெடுப்பு 1998இல் அமெரிக்காவில் தொடங்கியது, 2013இலிருந்து உலகம் முழுக்க நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் பார்த்து எண்ணினால் நீங்களும் அதில் சேரலாம்.

6. அப்புறம் தோப்பு, காட்டோரம்

காய்ந்த சருகு இப்போது உங்களுக்குத் துணை. தொடர்ந்து சரசரத்தால் பெரும்பாலும் அரணை அல்லது தவிட்டுக்குருவி. விட்டுவிட்டுக் கேட்டால் அசையாமல் நில்லுங்கள், ஆறுமணிக்குருவி சருகைப் புரட்டிக்கொண்டிருக்கலாம்.

புழுதிப் பாதையில் தடம் பாருங்கள். நகக்குறி தெரிந்தால் நாயோ நரியோ. பூனை இனம் நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் குறி விழாது. நார் நாராக, உருண்டையாக, வைக்கோல் நிறத்தில் கிடப்பது முயல் புழுக்கை. ஆட்டுப்புழுக்கை கருத்து, சற்று நீண்டிருக்கும்.

காப்புக்காடு என்று பலகை இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். கூடு கண்ணில் பட்டால் படமெடுக்கக் கிட்டே போக வேண்டாம். போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் கூடாது. தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று இரை தேடுவதை விட்டுவிட்டு அது சண்டைக்குக் கிளம்பிவிடும்.