அறக்கட்டளையிடம் கேட்கும்போது நம் சங்கங்கள் விடும் தவறுகள்

கொட்டாஞ்சேனையில் மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்கள், வெள்ளவத்தையில் தனித்திருக்கும் முதியோருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் மாதர் சங்கம், மட்டக்குளியில் வாசிகசாலையைத் திறந்து வைத்திருக்கும் சனசமூக நிலையம் என்று கொழும்பில் சிறு அமைப்புகளுக்குக் குறைவில்லை. இவற்றில் பல, இரண்டு மூன்று பேரின் சொந்தப் பணத்திலும் வெளிநாட்டு உறவினர் எப்போதாவது அனுப்பும் காசிலும்தான் ஓடுகின்றன. அந்த இரண்டு மூன்று பேர் களைத்துப்போனால் வேலையும் நின்றுவிடுகிறது. இந்த இடத்தில்தான் சமூக அறக்கட்டளைகளின் உதவி தேவைப்படுகிறது. ஆனால் நல்ல வேலை செய்யும் சங்கங்களே அவற்றிடம் போகும்போது தடுமாறிவிடுகின்றன.

முதலில் அறக்கட்டளை எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். 1914 இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் பிரெடரிக் கோஃப் என்ற வங்கியாளர் முதல் சமூக அறக்கட்டளையைத் தொடங்கினார். ஊரில் பலர் கொடுக்கும் பணமும் உயிலில் எழுதிவைக்கும் சொத்தும் ஒரே நிதியத்தில் சேரும். அந்த மூலதனத்தைத் தொடாமல் அதன் வருமானத்தை ஊருக்குச் செலவிடுவார்கள். எந்தத் தேவைக்கு என்பதை அந்தந்தக் காலத்தில் இருக்கும் குழு முடிவு செய்யும். எப்போதோ இறந்துபோன ஒருவரின் நிபந்தனை பின்னால் வருபவர்களின் கையைக் கட்டிவிடக்கூடாது என்பது கோஃபின் எண்ணம். நம் நாட்டிலும் உள்ளூர்ச் சிறு அமைப்புகளுக்கு மானியம் தரும் அறக்கட்டளைகள் உண்டு. 2007 முதல் இயங்கும் நீலன் திருச்செல்வம் அறக்கட்டளை நீதி, நல்லிணக்கம், உரிமை சார்ந்த வேலைகளுக்கு உதவுகிறது.

இப்படி நிரந்தர மூலதனம் வைத்திருக்கும் அறக்கட்டளைகள் ஆண்டுக்கு 4, 5 விழுக்காடு அளவில் செலவிடுவது வழக்கம். ஒரு கோடி ரூபாய் நிதியத்திலிருந்து 4 அல்லது 5 இலட்சம்தான் வெளியே வரும், அதையும் பல அமைப்புகளுக்குப் பிரிக்க வேண்டும். இது தெரியாமல் எடுத்த எடுப்பில் கட்டடம் கட்டப் பணம் கேட்டுப் போவது வீண் அலைச்சல்.

நான் பார்த்தவரை மிகப் பெரிய தவறு, அன்றாடச் செலவை மறைப்பது. வாடகை, மின் கட்டணம், சமைக்கும் அக்காவின் சம்பளம், கணக்கு எழுதும் தம்பியின் பஸ் காசு ஆகியவற்றைக் கேட்டால் 'பணத்தைத் தாங்களே தின்கிறார்கள்' என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் நம்மவர்களுக்கு. அதனால் விண்ணப்பத்தில் கொப்பி, புத்தகப்பை, உலர் உணவுப் பொதி மட்டும் இருக்கும். மானியமும் கிடைத்துவிடும். அப்புறம் கொப்பி வந்து சேரும் நேரத்தில் மூன்று மாத வாடகை பாக்கி நிற்கும். பிள்ளைகளுக்குக் கொப்பி இருந்தும் உட்கார்ந்து படிக்க இடமிருக்காது. வாடகையும் சம்பளமும் இல்லாமல் ஒரு வகுப்பு நடக்காது. அது சேவையின் ஒரு பகுதி, வெட்கப்பட ஒன்றுமில்லை. உண்மையான செலவை எழுதுங்கள், எதற்கென்று ஒரு வரி விளக்குங்கள். நிர்வாகச் செலவுக்கு எவ்வளவு தருவார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒன்றுமே தரமாட்டோம் என்கிறவர்களிடம் பணம் வாங்கலாமா என்று குழுவில் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

இதை மறைப்பதால் இன்னொரு சிக்கலும் வருகிறது. நெருக்கடி வந்தவுடன் கொப்பிக்கு வந்த பணத்தை வாடகைக்குக் கட்டிவிட்டு, 'பிறகு போட்டுவிடலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று தந்த பணம் அந்த வேலைக்குத்தான். நல்ல எண்ணத்தில் மாற்றினாலும் கணக்காய்வில் அது முறைகேடாகவே நிற்கும், சங்கத்தின் பெயரும் கெடும். மாற்ற வேண்டியிருந்தால் செலவு செய்வதற்கு முன்பே காரணத்தை எழுதி அனுமதி கேளுங்கள். நியாயமான காரணத்துக்குப் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

விலை ஏறும் என்பதை மறந்து கணக்குப் போடுவதையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 விழுக்காட்டைத் தொட்டது. மின் கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 விழுக்காடும், 2023 பெப்ரவரியில் 66 விழுக்காடும் கூடியது. அதற்கு முந்திய ஆண்டு எழுதிய பாதீட்டை வைத்துக்கொண்டு சாப்பாடு கொடுத்துவந்த எந்தச் சமையலறையும் அந்த நேரத்தில் திணறியிருக்கும். எதிர்பாராச் செலவுக்கென்று ஒரு வரி போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாதீட்டைத் திருத்த முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

பதிவு, வங்கிக் கணக்கு விடயத்தில் நீட்டிப் பேச ஒன்றுமில்லை, ஆனால் இதில் விட்டால் எல்லாமே போய்விடும். பொருளாளரின் சொந்தக் கணக்கில் ஒருபோதும் பணம் வாங்காதீர்கள். சங்கத்தின் பெயரில் கணக்கு, இரண்டு பேரின் கையொப்பம், ஆண்டுப் பொதுக்கூட்டம், கூட்டறிக்கை எல்லாம் இருக்கட்டும். 1980 இன் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதியலாம், 2007 இன் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட (அதாவது பங்குகள் இல்லாத) கம்பனியாகவும் பதியலாம். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைப் பிரதேச செயலகத்திலும் ஒரு சட்டத்தரணியிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னும் பதியாத குழு என்றால், பதிந்த அமைப்பு ஒன்றின் வழியாக மானியம் பெற முடியுமா என்று அறக்கட்டளையிடம் வெளிப்படையாகக் கேட்கலாம்.

தானதரும வேலைக்குத்தான் உதவி கிடைக்கும் என்று நினைப்பது அடுத்த தவறு. மழைக்கு நிரம்பும் வடிகானைப் பற்றி மாநகர சபையிடம் கேள்வி கேட்பதும் ஊர் வேலைதான். 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி, எவ்வளவு ஒதுக்கினீர்கள், எங்கே செலவிட்டீர்கள் என்று எந்தப் பிரஜையும் எழுதிக் கேட்கலாம். அந்த விண்ணப்பத்தை அயலவர்களுக்கு எழுதிக் கொடுப்பது, வட்டாரக் கூட்டம் கூட்டுவது, தமிழும் சிங்களமும் பேசுபவர்களை ஒரே மேசையில் உட்காரவைப்பது எல்லாம் அறக்கட்டளைகள் விரும்பி ஆதரிக்கக்கூடிய வேலைகள். இதே பிரச்சினையில் வேறு எந்தக் குழு வேலை செய்கிறது என்றும் அவர்களுக்குத் தெரியும். காசோலையை வாங்கியதோடு திரும்பி வந்துவிடாமல், யாரைப் பார்க்கலாம் என்றும் கேளுங்கள்.

அறிக்கை எழுதும்போது தோல்வியை ஒளிக்காதீர்கள். முப்பது பிள்ளைகள் சேர்ந்து பன்னிரண்டு பேர் நின்றுவிட்டால் அதை அப்படியே எழுதி, ஏன் நின்றார்கள் என்றும் சொல்லுங்கள். சிலர் பெற்றோருக்கு உதவக் கடைக்குப் போயிருக்கலாம், சிலர் பஸ்ஸுக்குக் காசில்லாமல் நின்றிருக்கலாம். அடுத்த மானியம் எதற்குப் போக வேண்டும் என்பதைச் சொல்வதே இந்தத் தகவல்தான். 'அனைத்தும் சிறப்பாக நடைபெற்றது' என்ற வரியை வைத்துக்கொண்டு யாரும் எதையும் திருத்த முடியாது.

படங்களைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. வெள்ளத்தில் வீடு போன ஒரு தாயின் கையில் பொதியைத் திணித்து, பின்னால் பதாகை பிடித்துப் படமெடுப்பதை நிறுத்த வேண்டும். அவர் நம் அயலவர், நாளை அதே கடையில் நம்மைச் சந்திப்பவர். ஆதாரத்துக்குப் பற்றுச்சீட்டும் கையொப்பப் பட்டியலும் போதும். படம் கட்டாயம் என்று கேட்டால் சமையலறையை, பொருட்களை, வேலை செய்யும் கைகளை எடுங்கள். முகம் தெரிய வேண்டுமென்றால் சம்மதம் வாங்குங்கள். பிள்ளைகள் என்றால் பெற்றோரிடமும் கேட்க வேண்டும்.

விண்ணப்பத்தை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று நாமே முடிவு செய்து, காசு கொடுத்து வெளியாள் ஒருவரிடம் எழுதவைப்பதும் நடக்கிறது. அவர் எழுதும் அழகான வசனங்களில் உங்கள் தெருவே காணாமல் போய்விடும். தமிழில் அனுப்பலாமா என்று ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடலாம். அப்படியே, கிடைக்கவில்லை என்ற பதில் வந்தாலும் சும்மா இருக்காமல் எதனால் என்று கேளுங்கள். பல நேரங்களில் வேலையில் குறை இருக்காது, அந்தச் சுற்றின் நிதி முடிந்திருக்கும், அல்லது ஒரு கணக்கறிக்கை இணைக்கப்படாமல் போயிருக்கும். அடுத்த சுற்று எப்போது என்று அதே அழைப்பில் கேட்டு, திகதியைக் கூட்டறிக்கைக் கொப்பியில் குறித்துவையுங்கள்.