‘சின்ன ரியாக்டர்தானே சார்?’

காட்பாடியில் என் வீட்டுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் நாலைந்து பிள்ளைகள் வருவார்கள். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, அணுப் பொறியியல் படிக்க வெளிநாடு போகிறவர்கள். அங்கே சில பல்கலைக்கழகங்களில் பயிற்சி உலை இருக்கும். முதல் வருஷத்திலேயே கன்சோல் முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். நம் பக்கத்தில் என்று பார்த்தால் கல்பாக்கத்துக் காமினிதான். 1996-ல் கிரிட்டிகல் ஆன, அதாவது தொடர்வினை தானாகத் தொடரும் நிலையை எட்டிய 30 கிலோவாட் உலை, யுரேனியம்-233 எரிபொருள். அது ஆராய்ச்சி உலை. வேலூர் கல்லூரிப் பிள்ளை போய், நியூட்ரான்களை விழுங்கி உலையை அடக்கிவைக்கும் தண்டைத் தூக்கிப் பழக முடியாது. ஆகவே, வெளிநாட்டில் ஒரு பயிற்சி உலையில் ஏழு வருஷம் ஆபரேட்டராக இருந்த நான், பட்டதையும் பார்த்ததையும் சொல்லி அனுப்புகிறேன்.

வருகிறவர்களில் ஒருவராவது கேட்பார்: “சின்ன ரியாக்டர்தானே சார், என்ன ஆகிடப் போகுது?”

முதல் தவறு அதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறந்தவை.

சின்னது என்பது உண்மை. ஏ.ஜி.என்.-201 வகையில் சில உலைகளின் சக்தி 5 வாட். நம் வீட்டு ஜீரோ வாட் பல்புக்குக்கூடப் போதாது. டிரைகா வகை இன்னும் பெரியது, ஆனால் பொறுமைசாலி. அதன் எரிபொருளில் யுரேனியத்தோடு சிர்கோனியம் ஹைட்ரைடும் கலந்திருக்கும். எரிபொருள் சூடானால் அந்த ஹைட்ரஜனும் சேர்ந்தே சூடாகி, நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கும் திறனை இழக்கிறது. பிளவை நடத்துவது மெதுவான நியூட்ரான்கள்தான் என்பதால் தொடர்வினை தானாக அடங்குகிறது. இப்படி மன்னித்து மன்னித்தே அந்த உலை நம்மைக் கெடுத்துவிடும். எல்லா உலையும் டிரைகா இல்லை.

1983 செப்டம்பரில் புவெனஸ் ஐரஸில் ஆர்.ஏ.-2 என்ற பூஜ்ய சக்தி உலையில் (சோதனைக்காக மிகக் குறைந்த சக்தியில் ஓடுவது) எரிபொருள் அடுக்கை மாற்றும் வேலை நடந்தது. அதற்கு முன் தொட்டியிலுள்ள தண்ணீரை வடிக்க வேண்டும் என்பது விதி. நியூட்ரான்களை மெதுவாக்குவது அந்தத் தண்ணீர்தான். வடிக்கவில்லை. உலை ஒரு கணம் கட்டுமீறியது. அனுபவமுள்ள அந்த ஆபரேட்டர் இரண்டு நாளில் இறந்துபோனார். 1961 ஜனவரி 3 அன்று அமெரிக்காவின் ஐடஹோவில் எஸ்.எல்.-1 என்ற ராணுவ உலையில் நடந்ததும் பராமரிப்பு வேலைதான். நடுத்தண்டை மோட்டாரோடு இணைக்கக் கையால் சுமார் 10 சென்டிமீட்டர் தூக்கினால் போதும். அது சுமார் 50 சென்டிமீட்டர் மேலே வந்துவிட்டது. மூன்று பேர் உயிர் போனது. உலை ஓடாத நாளில்தான் எல்லோரும் அசட்டையாக இருக்கிறோம் என்பதற்காக இவ்விரண்டையும் சொல்கிறேன்.

ஸ்டார்ட்-அப்பில் பிள்ளைகள் செய்யும் தவறு பொறுமையின்மை. தண்டை ஒரு படி தூக்கினால் நியூட்ரான் எண்ணிக்கை ஏறி ஒரு மட்டத்தில் நிற்கும். கிரிட்டிகலை நெருங்க நெருங்க, நிற்பதற்கு ஆகும் நேரமும் கூடும். தொடக்கத்தில் அரை நிமிஷத்தில் நின்ற முள், கடைசிப் படிகளில் பல நிமிஷம் ஊர்ந்துகொண்டே இருக்கும். ஊர்வதை ‘நின்றுவிட்டது’ என்று எண்ணி அடுத்த படிக்குப் போகிறவர் கிரிட்டிகல் எங்கே வரும் என்று கணிக்கும் வரைபடத்தில் தப்பான புள்ளியைத்தான் வைக்கிறார். பிறகு அந்தக் கோட்டை நீட்டி, “சார், கிரிட்டிகல் இன்னும் தள்ளி இருக்கு” என்பார். இருக்காது.

அதோடு பீரியடைக் கவனிக்க வேண்டும். சக்தி 2.7 மடங்காக எடுத்துக்கொள்ளும் நேரம் அது. 30 வினாடி என்றால் ஒரு நிமிஷத்தில் சக்தி ஏழு மடங்கு. 10 வினாடி என்றால் அதே ஒரு நிமிஷத்தில் நானூறு மடங்கு. இந்த வித்தியாசம் தலையில் ஏறினால் கை தானாக மெதுவாகும். இவ்வளவு அவகாசம் கிடைப்பதே யுரேனியம்-235 பிளவில் 0.65 சதவீத நியூட்ரான்கள் தாமதமாக வருவதால்தான்.

மீட்டர் ஒத்துவரவில்லை என்றால் மீட்டரைக் கழற்றிவிடும் பழக்கம் ஒன்று உண்டு. 1958-ல் யுகோஸ்லாவியாவின் வின்சா உலையில் கோணலாகக் காட்டிய ஒரு டிடெக்டரைத் துண்டித்துவிட்டார்கள். மிச்சம் இரண்டும் உச்சத்தில் முட்டி நின்றன, அதனால் சக்தி ஒரே மட்டத்தில் இருப்பதுபோலத் தெரிந்தது. கதிர்வீச்சு காற்றில் உண்டாக்கிய ஓசோனின் வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் விஷயம் புரிந்தது. ஆறு பேர் கதிர்வீச்சில் மாட்டினார்கள், ஒருவர் இறந்தார். டெஸ்டிங்குக்காக இன்டர்லாக்கில் (ஆபத்தான செயலைத் தானே தடுக்கும் சுற்றில்) அதைச் செயலிழக்க வைக்கும் ஜம்பர் ஒயர் போட்டுவிட்டு எடுக்க மறப்பதும் இந்த ஜாதிதான். ஜம்பரில் சிவப்பு டேக் கட்டுங்கள், எண் போடுங்கள், போட்டவரே கழற்றிக் கையெழுத்திட வேண்டும்.

பராமரிப்பில் பாதிக்கு மேல் தண்ணீர்ப் பிரச்சினைதான். இதை வேலூர்க்காரருக்கு விளக்குவது சுலபம். நம் போர் தண்ணீரில் பக்கெட்டின் அடியில் வெள்ளையாகப் படிவதையும், கீசர் காயில் இரண்டு வருஷத்தில் சுண்ணாம்புக் கட்டையாவதையும் பார்த்தவர்கள் நாம். உலைத் தொட்டியிலோ எரிபொருளைச் சுற்றி பெரும்பாலும் அலுமினிய உறை. தண்ணீரில் குளோரைடு இருந்தால் அலுமினியத்தில் ஊசிக்குத்துபோலக் குழி விழும். அதனால் உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் வழியாகச் சுற்றிவரும் டி.எம். (தாது நீக்கிய) தண்ணீர்தான், கரைந்த உப்பைக் காட்டிக்கொடுக்கும் மின்கடத்துத்திறனும் சில மைக்ரோசீமென்ஸுக்குள் இருக்க வேண்டும். ஆவியாகிக் குறைந்ததை ‘ரெண்டு பக்கெட்தானே’ என்று குழாய்த் தண்ணீரால் நிரப்பக் கூடாது. பாதரசத் தெர்மாமீட்டரைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பாதரசம் அலுமினியத்தைத் தின்றுவிடும்.

நான் இருந்த இடத்தில் லாக்புக்கில் அந்த மின்கடத்துத்திறன் 0.8, 0.8, 0.8 என்று மூன்று வாரம் இருந்தது. ஒரே மசி, ஒரே கையெழுத்து. நானும் அதன் கீழே தினமும் இனிஷியல் போட்டேன். ஒருநாள் ரெசின் மாற்றுவதற்காகத் தண்ணீர் ஓட்டத்தை நிறுத்தினோம், அப்போதும் 0.8. அளக்கும் புரோப் செத்து எத்தனை நாள் ஆனதோ! அசையாத எண்ணைப் பார்த்தால் நிம்மதிக்குப் பதில் சந்தேகம் வரவேண்டும் என்று அன்று கற்றேன். கைமீட்டரால் வாரம் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சட்டைப்பையைக் காலி செய்யாமல் தொட்டி மேடை ஏறாதீர்கள். என் பேனா விழுந்திருக்கிறது. ஆறு மீட்டர் ஆழத்தில் அது கைக்கெட்டும் தூரத்தில் கிடப்பதுபோலத் தெரிந்தது. எடுக்க நீளக் கம்பியோடு அரை நாள் ஆனது. கண்ணாடிக்குக் கயிறு கட்டுங்கள்.

உடம்பில் பட்ட கதிர்வீச்சைப் பதியும் டி.எல்.டி. பேட்ஜ் விஷயத்தில் நம் பிள்ளைகள் மகா அலட்சியம். வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுவைப்பது, சட்டையோடு துவைப்பது, நண்பனுடையதை மாட்டிக்கொள்வது. சூடு அதில் பதிந்ததை அழிக்கும். சாதாரண பேட்ஜ் காமாவைப் பதியும். நியூட்ரானுக்குத் தனி பேட்ஜ் வேண்டும். மருத்துவமனையில் தைராய்டு ஸ்கேனோ எலும்பு ஸ்கேனோ எடுத்திருந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள். அதற்காக உடம்பில் செலுத்தும் டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பாதியாகும். மறுநாள் காலை நீங்கள் வாசல் மானிட்டரைக் கடந்தால் அலாரம் அடிக்கும், எல்லோரும் கசிவைத் தேடி அலைவார்கள்.

போன மாதம் ராணிப்பேட்டைப் பெண் ஒருத்தி வந்தாள். தோல் தொழிற்சாலைப் பக்கத்து மண்ணில் குரோமியம் எவ்வளவு என்று, போகிற பல்கலைக்கழக உலையில் நியூட்ரான் பாய்ச்சி அளக்க ஆசை. நல்ல யோசனை. குரோமியம்-51 ஆக மாறும், பாதியாக 27.7 நாள், 320 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் காமா. கணக்கை அழகாகப் போட்டிருந்தாள், குரோமியத்துக்கு மட்டும்.

“மண்ணுல வேற என்னம்மா இருக்கு?” என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்து, “அலுமினியம்… உப்பு… மாங்கனீசு” என்றாள்.

அதெல்லாமும் கதிர்வீசும் சார் என்று அவளே சொன்னாள். அலுமினியம்-28 சில நிமிஷத்தில் அடங்கிவிடும். மாங்கனீசு-56 சில மணி நேரம். சோடியம்-24 பாதியாகவே 15 மணி நேரம். உலையிலிருந்து வெளியே வரும் கணத்தில் அந்தக் குப்பியில் குரோமியம் ஒரு ஓரத்தில் கிடக்கும். கையைச் சுடுவது மற்றவை. குரோமியத்தை மட்டும் கணக்கிட்டுவிட்டுக் குப்பியைச் சும்மா கையால் தூக்கப் போகும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். மண்ணில் ஈரம் இருந்தால் நீராவி அழுத்தத்தில் குப்பி வெடித்து உலைக்குள் தூசி பரவும் ஆபத்து வேறு.

அவள் புதுக் கணக்கு கொண்டுவந்தாள். மண்ணை அடுப்பில் காயவைத்துச் சலித்து, ஒரு கிராமுக்குப் பதில் நூறு மில்லிகிராம், இரட்டைக் குப்பி, எடுத்தபின் இரண்டு வாரம் ஈயப் பெட்டியில் ஆறவிட்டு அளப்பது. எந்த நாளில் எது எவ்வளவு மிச்சம் என்று ஒரு பட்டியல். ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தாள்: ‘பேட்ஜ் எங்கே வைப்பது?’

ஹாஸ்டல் அலமாரியில், ஜன்னலுக்கு எட்டாத தட்டில் என்றேன்.