கொழும்பில் புளூகிராஸ் வட்டம் கூட்டுவது எப்படி?

புளூகிராஸ் என்பது பாஞ்சோ, மண்டலின் போன்ற தந்தி வாத்தியங்களில் வாசிக்கும் அமெரிக்க நாட்டுப்புற இசை. அதைக் கூடி வாசிக்கும் வட்டத்துக்கு (ஜாம்) ஆறேழு பேர் போதும். மூன்று பாஞ்சோ சேர்ந்தால் பாடுபவர் குரலே கேட்காது, ஒன்றோடு நிறுத்துங்கள்.

பாட்டைத் தொடங்குபவர் முதலில் சுருதியைச் சொல்ல வேண்டும். புதியவர்களுக்கு ஜீ, சீ, டீ கோர்ட்ஸ் (சேர்ந்து ஒலிக்கும் சுரத் தொகுதிகள்) போதும். நான்கு அடித் தாளத்தில் பேஸ் ஒன்றாம், மூன்றாம் அடிகளைப் பிடிக்க, மண்டலின் இரண்டிலும் நான்கிலும் ‘சக்’ என்று வெட்டும். ஒருவர் தனியாக வாசிக்கையில் மற்றவர்கள் ஒலியைத் தணிக்க வேண்டும். ஜாம் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான்.

வெள்ளவத்தைக் கடற்காற்றில் உருக்குத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். ஈரப்பதத்தில் தோல் முகப்புத் தளர்ந்து பாஞ்சோவின் ஒலி மங்கும். பிளாஸ்டிக் முகப்பே இங்கு சரி.

விழா மேடையில் நடுவே ஒரே கண்டென்சர் மைக். மிக்ஸரில் அதற்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பொத்தானை அழுத்தாவிட்டால் சத்தமே வராது. தனி வாசிப்புக்கு வருபவர் மைக்கை நெருங்கி, முடிந்ததும் பக்கவாட்டில் விலக வேண்டும். மொனிட்டர் ஸ்பீக்கர் வேண்டாம், மைக் கூவும்.